வட்ட மேசைப் புதிர்கள்: இடம், வலம் தடுமாறாமல் விடை காண முழுமையான வழிகாட்டி

வங்கிப் பணிக்கான ஐபிபிஎஸ் கிளார்க், பிஓ (அதிகாரி) முதல்நிலைத் தேர்வுகளில் ரீசனிங் (தர்க்க அறிவு) பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம். சராசரியாக ஒரு கேள்விக்கு 34 விநாடி. மேசையைச் சுற்றி யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்கும் வட்ட மேசைப் புதிர் ஒன்று வந்தால் அதையொட்டி வழக்கமாக ஐந்து கேள்விகள் வரும். கணக்குப்படி அந்த ஐந்துக்கும் சேர்த்துக் கிடைப்பது மூன்று நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. படம் சரியாக அமைந்துவிட்டால் ஐந்து விடையும் ஒரே மூச்சில் வந்துவிடும். படத்தில் ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தால் ஐந்தும் ஆட்டம் காணும். தவறான ஒவ்வொரு விடைக்கும் அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும்.

மதுரையில் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலோ புதுநத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ மாதிரித் தாளோடு உட்காரும் பலர், இந்தப் புதிருக்கு வேகம்தான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேகம் தானாக வரும். முதலில் வேண்டியவை இரண்டுதான்: திசையில் தடுமாறாத பழக்கம், எந்தக் குறிப்பை முதலில் எடுப்பது என்ற தெளிவு. இந்த இரண்டும் கைவந்தால் எட்டுப் பேர் புதிரை மூன்று நிமிடத்தில் முடிக்கலாம்.

திசை: தேர் போகும் வழி

மதுரை மீனாட்சியம்மன் கோயில் சித்திரைத் தேர் கீழமாசி வீதியில் புறப்பட்டு, தெற்கு மாசி, மேற்கு மாசி, வடக்கு மாசி வீதிகளைச் சுற்றி நிலைக்கு வரும். வரைபடத்தில் பார்த்தால் இது கடிகார முள் சுற்றும் திசை. இப்போது தெற்கு மாசி வீதியில் கோயிலைப் பார்த்து ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் வடக்கே. வலக்கை கிழக்கே, இடக்கை மேற்கே. தேர் அவருக்கு வலப்பக்கம் வந்து, இடப்பக்கம் போகும். நான்கு வீதிகளில் எங்கே நின்றாலும், கோயிலைப் பார்த்து நிற்பவருக்கு இதேதான். அதே ஆள் கோயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றால், தேர் இடப்பக்கம் வந்து வலப்பக்கம் போகும்.

வட்ட மேசைக்குத் தேவையான விதி முழுவதும் இதில் அடங்கிவிட்டது. மையத்தைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு இடப்புறம் என்றால் கடிகாரத் திசை, வலப்புறம் என்றால் எதிர்த் திசை. வெளிநோக்கி உட்கார்ந்தவருக்கு இரண்டும் தலைகீழ். இனி கடிகாரத் திசையைத் 'தேர்த் திசை' என்றே சொல்வோம்.

இடம் வலத்தை மாற்றி எடுப்பவர்கள் பலருக்கு அந்தத் தவறு மாதக் கணக்கில் தெரியாமலே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. படம் போடும்போதும் இடத்தை வலமாக எடுத்து, கேள்விக்கு விடை சொல்லும்போதும் அதேபோல் மாற்றி எடுத்தால், படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி வரும். ஆனால் விடை சரியாகவே இருக்கும். இரண்டு தவறும் ஒன்றையொன்று அழித்துவிடும். பயிற்சியில் எல்லாம் சரியாக வந்ததால் விதி தெரியும் என்ற நம்பிக்கை வளரும். பிறகு 'கடிகாரத் திசையில் எண்ணினால்' என்று ஒரு குறிப்பு வரும் நாளிலோ, பாதிப் பேர் வெளிநோக்கி உட்காரும் புதிரில் அவர்களுக்கு மட்டும் விதியைச் சரியாக எடுக்கும்போதோ, அவசரத்தில் ஒரு குறிப்பை மட்டும் சரியாக எடுக்கும்போதோ படம் முட்டிக்கொள்ளும். அதனால் 'விடை சரியாகத்தானே வருகிறது' என்று விட்டுவிடாமல், தேர்த் திசையை வைத்து ஒருமுறை உங்கள் பழக்கத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தாளில் என்ன வரைவது

வட்டம் வரைய வேண்டாம். எட்டுப் பேருக்கு ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும் நான்கு கோடுகள் போதும்; ஆறு பேருக்கு மூன்று கோடுகள். கோட்டின் ஒவ்வொரு முனையும் ஓர் இருக்கை. இதில் உள்ள லாபம், நேர் எதிரே இருப்பவர் யார் என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. கோட்டின் மறுமுனையில் இருப்பார். ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை வந்தால் மட்டும் வட்டம் போட்டுப் புள்ளி வையுங்கள். அங்கே நேர் எதிர் என்று ஓர் இருக்கையே கிடையாது.

படம் குறுக்களவில் நான்கு சென்டிமீட்டராவது இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் பெயரெழுத்தும் அம்புக்குறியும் ஒன்றின்மேல் ஒன்று விழும். தொடக்கத்தில் இருக்கைகளுக்குத் தேர்த் திசையில் 1 முதல் 8 வரை சிறியதாக எண் போட்டுக்கொள்வது நல்லது. பெயருக்கு முதல் எழுத்து போதும். இரண்டு பெயர் ஒரே எழுத்தில் தொடங்கினால் இரண்டாம் எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். 'மு', 'மூ' என்று எழுதிவிட்டு எது எதுவென்று நடுவில் குழம்புவது வீண் இழப்பு.

முதல் ஆளை எங்கே வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது என்பதால், எட்டுப் பேரை வட்டமாக அமர்த்தும் வழிகள் 40,320 அல்ல, 5,040தான். ஒருவரை நாமே நிலைநிறுத்திவிட்டோம் என்பதே அந்தக் குறைவுக்குக் காரணம். ஆகவே முதல் ஆள் எங்கே என்று யோசித்து ஒரு விநாடியும் செலவழிக்க வேண்டாம். யார் அந்த முதல் ஆள் என்பதுதான் யோசிக்க வேண்டியது: எவர் பெயர் அதிகமான உறுதிக் குறிப்புகளில் வருகிறதோ, அவர்.

குறிப்பை வாசிப்பது

'மீனாட்சி, அழகர்சாமிக்கு இடப்புறம் இரண்டாவது.' இதில் யாருடைய இடக்கை? 'க்கு' யார் பெயரோடு சேர்ந்திருக்கிறதோ அவருடையது. அழகர்சாமியின் இடத்தில் போய் உட்கார்ந்து, அவர் பார்க்கும் திசையில் பார்த்து, அவருடைய இடக்கைப் பக்கம் எண்ண வேண்டும். ஆங்கிலத் தாளில் 'ஆஃப்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயரே இந்த ஆள். படிக்கும்போதே அந்தப் பெயரின் கீழ் கோடு போடுங்கள். பெயர் மாறி எண்ணுவதுதான் இந்தப் புதிரில் அதிகம் நேரும் பிழை. திசைக் குழப்பம்கூட அதற்கு அடுத்தபடிதான்.

அடுத்தது எண்ணிக்கை. 'இடப்புறம் மூன்றாவது' என்றால் மூன்று படி நகர வேண்டும். நடுவில் இருப்பவர் இரண்டு பேர். 'இருவருக்கும் நடுவே மூன்று பேர்' என்றால் நான்கு படி. எட்டுப் பேர் மேசையில் நான்கு படி என்பது நேர் எதிர். ஆக 'நடுவே மூன்று பேர்' என்பது திசை சொல்லாத, மிக உறுதியான குறிப்பு. 'நடுவே இரண்டு பேர்' அப்படியல்ல. ஒரு பக்கம் இரண்டு பேர் என்றால் மறுபக்கம் நான்கு பேர் இருப்பார்கள், எந்தப் பக்கம் என்று குறிப்பு சொல்லாவிட்டால் இரண்டு வாய்ப்புகள் உண்டு.

இன்னொரு வசதி: எட்டுப் பேரில் இடப்புறம் ஐந்தாவது ஆளும் வலப்புறம் மூன்றாவது ஆளும் ஒருவரே. எண்ணிக்கை பாதியைத் தாண்டினால் மொத்தத்தில் இருந்து கழித்து மறுபக்கமாக எண்ணுங்கள். ஆறு பேர் மேசையில் 'இடப்புறம் மூன்றாவது' என்று வந்தால் அது நேர் எதிர்தான். அங்கே இடம் வலம் பார்க்கவே வேண்டாம்.

எந்தக் குறிப்பு முதலில்?

கேள்வியில் கொடுத்திருக்கும் வரிசையில் குறிப்புகளை எடுக்கக் கூடாது. பலவீனமான குறிப்பு முதலில் இருக்கலாம். நேர் எதிர், திசையோடு எண் சொல்லும் குறிப்பு ஆகியவை முதல் தரம். 'இருவர் நடுவில்', 'பக்கத்தில்' என்று திசை சொல்லாதவை இரண்டாம் தரம். 'பக்கத்தில் இல்லை', 'எதிரே இல்லை' என்பவை கடைசி. இல்லை என்று சொல்லும் குறிப்பு யாரையும் உட்கார வைக்காது. ஆனால் இரண்டு படங்களில் ஒன்றை வெட்டுவதற்கு அதைப்போல உதவுவது வேறில்லை.

ஒரு முழுப் புதிரில் பார்ப்போம். தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபம். வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர், எல்லோரும் மையத்தைப் பார்த்து: அழகர்சாமி, பாண்டியம்மாள், மீனாட்சி, சோலைமலை, கருப்பையா, வேணி, நாகராஜ், தமிழரசி.

1. கருப்பையா, சோலைமலைக்குப் பக்கத்தில் இருக்கிறார்.
2. தமிழரசி, பாண்டியம்மாளுக்குப் பக்கத்தில் இல்லை.
3. மீனாட்சி, அழகர்சாமிக்கு இடப்புறம் இரண்டாவது.
4. அழகர்சாமிக்கு நேர் எதிரே சோலைமலை.
5. நாகராஜும் கருப்பையாவும் எதிரெதிரே.
6. மீனாட்சிக்கும் பாண்டியம்மாளுக்கும் நடுவே மூன்று பேர்.
7. வேணி, அழகர்சாமிக்குப் பக்கத்தில் இல்லை.

முதல் குறிப்பில் தொடங்கினால் கருப்பையா சோலைமலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று உடனே இரண்டு படம் போட நேரும். விட்டுவிடுங்கள். அழகர்சாமி 3, 4 ஆகிய இரண்டு குறிப்புகளிலும் வருகிறார். இரண்டும் முதல் தரக் குறிப்புகள். அவரை 1-ஆம் இருக்கையில் வையுங்கள். 4-ஆம் குறிப்பின்படி சோலைமலை 5-இல். 3-ஆம் குறிப்பில் 'க்கு' அழகர்சாமியோடு இருக்கிறது. மையம் பார்த்தவருக்கு இடப்புறம் தேர்த் திசை. இரண்டு படி போனால் மீனாட்சி 3-இல். 6-ஆம் குறிப்பு: நடுவே மூன்று பேர், அதாவது நான்கு படி, எந்தப் பக்கம் எண்ணினாலும் பாண்டியம்மாள் 7-இல்.

இத்தனையும் 30 விநாடி வேலை. நான்கு பேர் உட்கார்ந்துவிட்டார்கள், இதுவரை ஒரு கிளைகூட, அதாவது இரண்டு வாய்ப்பாகப் பிரியும் இடம்கூட, இல்லை. மிச்ச இருக்கைகள் 2, 4, 6, 8.

இப்போது 1-ஆம் குறிப்பையும் 5-ஆம் குறிப்பையும் சேர்த்து எடுங்கள். கருப்பையா 4-இல் இருந்தால் நாகராஜ் 8-இல். கருப்பையா 6-இல் இருந்தால் நாகராஜ் 2-இல். இங்கேதான் இரண்டாவது படம் பக்கத்தில் வர வேண்டும். முதல் படத்தில் அழித்து எழுதக் கூடாது.

2-ஆம் குறிப்பு: பாண்டியம்மாளின் இரு பக்கமும் 6, 8. தமிழரசிக்கு அவை இல்லை. முதல் படத்தில் அவருக்கு 2 மட்டுமே மிச்சம், வேணி 6. இரண்டாம் படத்தில் தமிழரசி 4, வேணி 8. 7-ஆம் குறிப்பு: அழகர்சாமியின் இரு பக்கமும் 2, 8. இரண்டாம் படத்தில் வேணி 8-இல் இருப்பதால் அந்தப் படம் விழுந்தது. முடிவு, 1 முதல் வரிசையாக: அழகர்சாமி, தமிழரசி, மீனாட்சி, கருப்பையா, சோலைமலை, வேணி, பாண்டியம்மாள், நாகராஜ்.

இந்தப் புதிரில் இடம் வலம் சொல்லும் குறிப்பு ஒன்றே ஒன்றுதான், 3-ஆவது. அதை மாற்றி எடுத்தாலும் மற்ற ஆறு குறிப்புகளும் பிசகில்லாமல் பொருந்தும். எங்கும் முரண்பாடு தெரியாது. படம் முட்டவில்லை என்பதற்காகப் படம் சரி என்று பொருளில்லை. திசைக் குறிப்பு ஒன்றிரண்டு மட்டுமே உள்ள புதிரில் அந்த வரிகளை மட்டும் இரண்டாம் முறை படிக்க ஐந்து விநாடி ஒதுக்குங்கள்.

கிளை பிரியும்போது இரண்டு படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது படம் போட வேண்டி வந்தால் பெரும்பாலும் ஒரு வலுவான குறிப்பைக் கவனிக்காமல் தாண்டி வந்திருப்பீர்கள். பேனாவை வைத்துவிட்டு, பயன்படுத்தாத குறிப்புகளைத் திரும்பப் படியுங்கள். பயன்படுத்திய குறிப்பின் எண்ணை உடனுக்குடன் டிக் அடித்து வந்தால், எது மிச்சம் என்று தேட வேண்டியிருக்காது.

உள்ளும் வெளியும் கலந்து உட்கார்ந்தால்

முதன்மைத் தேர்வுகளில் விரும்பி வைக்கும் வகை இது. யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி போடுங்கள்: மையம் நோக்கி ஓர் அம்பு, அல்லது வெளிநோக்கி ஓர் அம்பு. தெரியாதவர்களுக்கு அம்பு வேண்டாம். அம்பு இல்லாதவர் இடத்தில் இருந்து இடமோ வலமோ எண்ணக் கூடாது என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் போய்விடும்.

'ஒரே திசையைப் பார்க்கிறார்கள்' என்றால் இருவரும் மையத்தைப் பார்க்கிறார்கள், அல்லது இருவரும் வெளியே பார்க்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து மையத்தைப் பார்க்கும் இருவரின் முகம் ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே இருக்கும் என்றாலும் தேர்வுக் கணக்கில் அது ஒரே திசைதான்.

ஆறு ஊர்க்காரர்கள், ஊர்ப் பெயராலேயே அழைப்போம்: மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர், சோழவந்தான். மூவர் மையம் பார்க்கிறார்கள், மூவர் வெளியே.

1. மேலூர் மையத்தைப் பார்க்கிறார். அவருக்கு இடப்புறம் இரண்டாவது திருமங்கலம்.
2. திருமங்கலத்துக்கு வலப்புறம் அடுத்தவர் உசிலம்பட்டி.
3. உசிலம்பட்டிக்கு நேர் எதிரே பேரையூர்.
4. வாடிப்பட்டிக்கு இடப்புறம் இரண்டாவது உசிலம்பட்டி.
5. பேரையூரும் சோழவந்தானும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள்.
6. உசிலம்பட்டிக்கு இடப்புறம் அடுத்தவர் மேலூர்.

மேலூரின் திசை தெரியும். அவரை 1-இல் வைத்தால் திருமங்கலம் 3-இல். திருமங்கலம் எங்கே பார்க்கிறார் என்று தெரியாததால் 2-ஆம் குறிப்பில் கிளை பிரிகிறது. வெளியே பார்த்தால் வலப்புறம் தேர்த் திசை, உசிலம்பட்டி 4-இல். மையம் பார்த்தால் உசிலம்பட்டி 2-இல். படம் போடுவதற்கு முன்பே 3-ஆம் குறிப்பைப் பாருங்கள்: உசிலம்பட்டி 4 என்றால் எதிரே 1, அங்கே மேலூர் இருக்கிறார். ஆகவே உசிலம்பட்டி 2, பேரையூர் 5, திருமங்கலம் மையம் பார்க்கிறார். கிளை பிரிந்தவுடன் அடுத்த குறிப்பை மனதுக்குள்ளேயே வைத்துப் பார்த்தால், இப்படிப் பல கிளைகள் வரையாமலே ஒடிந்துவிடும்.

6-ஆம் குறிப்பு இப்போது பயன்படும். 2-இல் இருக்கும் உசிலம்பட்டிக்கு 1 இடப்புறம் என்றால் அவர் இடப்பக்கம் தேர்த் திசைக்கு எதிராக இருக்கிறது, வெளியே பார்க்கிறார். இருக்கையைக் கொண்டு முகத்தைக் கண்டுபிடிப்பது இதுதான். இந்த வகைப் புதிரின் உயிரே இந்தத் தலைகீழ் வாசிப்பில் இருக்கிறது, இதில் நேரம் செலவழித்துப் பழகுங்கள்.

இனி எண்ணிக்கை. மையம் பார்க்கும் மூவரில் மேலூர், திருமங்கலம் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள்; இன்னும் ஒருவருக்கே இடம். பேரையூரும் சோழவந்தானும் ஒரே திசை என்பதால் இருவரும் மையம் பார்க்க முடியாது, இருவரும் வெளியே. உசிலம்பட்டியும் வெளியே. மிச்சம் வாடிப்பட்டி, மையம் பார்க்கிறார். அவருக்கு இடப்புறம் தேர்த் திசையில் இரண்டாவது 2 என்றால் அவர் 6-இல். சோழவந்தான் 4-இல்.

இதில் ஒரு கேள்வி: சோழவந்தானுக்கு வலப்புறம் இரண்டாவது யார்? வெளியே பார்க்கிறார், வலப்புறம் தேர்த் திசை, 4-இலிருந்து 6: வாடிப்பட்டி. அம்பைப் பார்க்காமல் பழக்க தோஷத்தில் எண்ணினால் உசிலம்பட்டி வரும். அந்தப் பெயரும் விடைத் தெரிவுகளில் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

சதுர மேசை

நான்கு பேர் மூலைகளில் மையம் பார்த்து, நான்கு பேர் பக்கங்களின் நடுவில் வெளியே பார்த்து. கடினமாகத் தோன்றும்; உண்மையில் கலப்பு வட்டத்தைவிட எளிது, ஏனென்றால் இருக்கை தெரிந்தால் முகமும் தெரிந்துவிடும். மூலையும் நடுவும் மாறி மாறி வருகின்றன. ஆகவே இரட்டைப்படைப் படி நகர்ந்தால் அதே வகை இருக்கை. ஒற்றைப்படைப் படி என்றால் மற்ற வகை. நேர் எதிர் நான்கு படி என்பதால் மூலைக்கு எதிர் மூலைதான், நடுவுக்கு எதிர் நடுதான். சில தாள்களில் மூலைக்காரர்கள் வெளியே பார்ப்பார்கள்; முதல் பத்தியை ஓட்டமாகப் படித்து இதைத் தவற விடாதீர்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரிகள் எட்டுப் பேர், விற்கும் பூவின் பெயரால் அழைப்போம்: மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், அரளி, சம்பங்கி, செவ்வந்தி, ரோஜா. மூலைக்காரர் மையம் பார்க்கிறார், நடுவில் இருப்பவர் வெளியே. மல்லி மூலையில், அவருக்கு இடப்புறம் மூன்றாவது பிச்சி. பிச்சிக்கு இடப்புறம் இரண்டாவது அரளி. மல்லிக்கு நேர் எதிரே சம்பங்கி. முல்லைக்கு வலப்புறம் அடுத்தவர் செவ்வந்தி. கனகாம்பரத்துக்கு இடப்புறம் அடுத்தவரும் செவ்வந்தியே.

மூலைகளுக்கு 1, 3, 5, 7; நடுக்களுக்கு 2, 4, 6, 8. மல்லி 1, பிச்சி 4, சம்பங்கி 5. பிச்சி நடு இருக்கை, வெளியே பார்க்கிறார். இடப்புறம் பின்னோக்கி, அரளி 2. மிச்சம் 3, 6, 7, 8. கனகாம்பரம் 3-இல் இருந்தால் இடப்புறம் அடுத்தது 4, பிச்சியின் இடம். 6-இல் இருந்தால் 5, சம்பங்கி. 7-இல் இருந்தால் 8-இல் செவ்வந்தி வர வேண்டும்; அப்போது செவ்வந்தியைத் தன் வலப்புறம் வைத்துக்கொள்ள முல்லைக்கு இடமில்லை, 7-இல்தான் கனகாம்பரம் இருக்கிறாரே, 1-இல் மல்லி. ஆகவே கனகாம்பரம் 8, செவ்வந்தி 7, முல்லை 6. ரோஜா 3.

எத்தனை பேர் என்றே சொல்லாவிட்டால்

'சிலர் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள்' என்று தொடங்கும் புதிரில் மொத்த எண்ணிக்கையைத் தருவது, ஒரே இருவரை இரண்டு பக்கமாகவும் இணைக்கும் குறிப்புகள். மையம் பார்க்கும் ஒருவருக்கு இடப்புறம் நான்காவதும் வலப்புறம் ஐந்தாவதும் ஒரே ஆள் என்றால் மொத்தம் ஒன்பது பேர். படிகளைக் கூட்டினால் போதும். நடுவில் இருப்பவர்களைக் கூட்டும் பழக்கம் இருந்தால், மூன்றும் நான்கும் ஏழு, அதோடு அந்த இருவர், ஒன்பது. இரண்டு வழியிலும் ஒரே எண் வர வேண்டும். எண்ணிக்கை தெரியும் வரை கோடுகள் வரையாதீர்கள்; இருவரை மட்டும் எழுதி, நடுவே இருப்பவர்களின் எண்ணை இரு பக்கமும் குறித்து வையுங்கள்.

பெயரோடு தொழில், ஊர், வயது என்று இரண்டாவது விவரம் சேர்ந்தால் பெயரை உள் வளையத்திலும் மற்றதை வெளி வளையத்திலும் எழுதுங்கள். 'ஆசிரியருக்கு இடப்புறம் இரண்டாவது வேணி' என்றால், ஆசிரியர் யாரென்று தெரியாவிட்டாலும் வேணியில் இருந்து பின்னோக்கி வந்து வெளி வளையத்தில் 'ஆசிரியர்' என்று எழுதிவிடலாம். உள்ளே பெயர் பிறகு வந்து சேரும்.

நேரம்

வாசித்துத் தரம் பிரிக்க 30 விநாடி, படம் போட ஒன்றரை நிமிடம், ஐந்து கேள்விகளுக்கு ஒரு நிமிடம். எல்லோரும் மையம் பார்க்கும் எட்டுப் பேர் புதிருக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். இரண்டு நிமிடம் ஆகியும் நான்கு பேர்கூட உட்காரவில்லை என்றால் அந்தப் புதிரை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். போட்ட படத்தை அடிக்க வேண்டாம், கடைசியில் நேரம் மிஞ்சினால் அங்கிருந்தே தொடரலாம். படம் முழுமையாகாமல் இரண்டு கிளையில் நின்றுபோனாலும் கேள்விகளைப் பாருங்கள். கல்யாண மண்டபப் புதிரில் கடைசிக் குறிப்பு விளங்காமல் போயிருந்தாலும், 'மீனாட்சிக்கு நேர் எதிரே யார்' என்ற கேள்விக்கு இரண்டு படமும் பாண்டியம்மாள் என்றே சொல்லும். இரண்டு படத்திலும் ஒத்துப்போகும் விடையைத் தயங்காமல் குறிக்கலாம், ஒத்துப்போகாததை விட்டுவிடுங்கள்.

'கீழ்க்கண்டவற்றில் குழுவில் சேராதது எது' என்ற கேள்வியில் ஒவ்வொரு ஜோடிக்கும் முதல் பெயரில் இருந்து இரண்டாம் பெயருக்கு எத்தனை படி, எந்தப் பக்கம் என்று எண்ணுங்கள். கலப்பு மேசையில் முதல் பெயரின் அம்பையும் பார்க்க வேண்டும்; நான்கு ஜோடிகள் ஒரே மாதிரி வந்து ஒன்று மட்டும் மாறும்.

பயிற்சிக்கு ஒரு நாளில் மூன்று புதிர் போதும்: எல்லோரும் மையம் பார்ப்பது ஒன்று, கலப்பு ஒன்று, சதுரம் அல்லது எண்ணிக்கை தெரியாதது ஒன்று. முதல் வாரம் கடிகாரம் வேண்டாம். தவறிய புதிரைத் தீர்வைப் பார்த்து மூடிவிடாமல், உங்கள் படத்தை வைத்துக்கொண்டு குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். எந்த எண் குறிப்பில் படம் முதலில் உடைகிறதோ அதன் பக்கத்தில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: ஆள், திசை, எண்ணிக்கை, கிளை. பத்துப் புதிர் ஆனபின் அந்தச் சொற்களை எண்ணிப் பாருங்கள். ஆள் அதிகம் என்றால் 'க்கு' சேர்ந்த பெயரின் கீழ் கோடு போடாமல் ஓடுகிறீர்கள். எண்ணிக்கை அதிகம் என்றால் படியையும் நடுவில் இருப்பவரையும் கலக்குகிறீர்கள். கிளை அதிகம் என்றால் பலவீனமான குறிப்பை முதலில் எடுக்கிறீர்கள். திசை அதிகம் என்றால் கலப்பு மேசைகளை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, நான்கு கோடு மட்டும் போட்டு, ஒவ்வோர் இருக்கைக்கும் மையம் பார்த்தும் வெளியே பார்த்தும் இடம் எது வலம் எது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.